விசிறிக்குப் பின்னால் ஒரு கம்பளி

பதினோராவது ஸ்க்ரூவைக் கழற்றியதும் லேப்டாப்பின் அடிமூடி டப்பென்று பிரிந்து வந்தது.

முதலில் பேட்டரி இணைப்பை எடுத்தேன். அப்புறம் விசிறி. அதற்குப் பின்னால், செப்புத் தகடுகளின் வாசலை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. தூசிதான், ஆனால் உதிரவில்லை. உரித்தால் கம்பளித் துணி போல ஒரே துண்டாக வந்தது. என் தலைமுடி ஒன்றுகூட அதில் நெய்யப்பட்டிருந்தது!

ஒரு மாதமாக லேப்டாப் மெதுவாக ஓடியதற்கு ராம் (RAM, தற்காலிக நினைவகம்) போதவில்லை என்றே நம்பியிருந்தேன். 32 ஜிபியை 64 ஆக்கப் பணம்கூட ஒதுக்கியாயிற்று.

உண்மையில் இந்தத் தூசி சூட்டை வெளியே விடாததால், பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டதும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. ரெண்டரிங் (காட்சிகளை இறுதி வடிவமாக்கும் வேலை) தொடங்கிய இரண்டாவது நிமிடமே நொண்டியதற்குக் காரணம் அதுதான்.

பிராசஸரின் சூட்டைக் கடத்திவிடும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பொட்டு வைத்தேன். (தூசி போகக் காற்றடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கன்னாபின்னாவென்று சுழலவிட்டால் பேரிங் போய்விடும்.)

இப்போது அதே வேலைக்கு 82 டிகிரி.

மெதுவாகிவிட்டது என்றாலே எதையாவது கூட்டத்தான் கை போகிறது. மூச்சு முட்டுகிறதோ என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே!

சரி, மேசையில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.