மார்கழி, 7ஆம் கட்டில்

டிசம்பர் 22, 2023

நான்காம் நாள். விடிய மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மாமி திருநீறு பூசி "அப்பாடா" என்றார். எனக்கோ அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. டெங்கு காய்ச்சல் விட்ட பிறகுதான் தன் வேலையைக் காட்டும்.

பின்னேரம் பெரியாஸ்பத்திரி. பிளேட்லெட் 92,000. வார்டில் மறித்துவிட்டார்கள்.

வளவில் கவிழ்க்காமல் விட்ட சிரட்டை கண்ணுக்குள் நிற்கிறது.

டிசம்பர் 23

ஸ்கானில் வயிற்றுக்குள் நீர். ஒரு துளி இரத்தம்கூட வெளியே போகவில்லை, ஆனாலும் குழாய்களுக்குள் இரத்தம் குறைகிறது. அதன் நீர்ப்பகுதி கசிந்து வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் போகிறதாம். மிஞ்சிய இரத்தம் தடிக்கும். அதைத்தான் பி.சி.வி., அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம், காட்டுகிறது. நேற்று 37, இன்று 40.

48 மணித்தியாலம் கசியும் என்றார் டொக்டர். என் பிள்ளை 30 கிலோ. அவ்வளவு நேரத்துக்கும் சேர்த்து உள்ளே போகக்கூடிய நீர் 3200 மில்லிலீற்றர்தான். குடிப்பதும் அந்தக் கணக்கில்தான். குறைந்தால் பிரஷர் விழும், கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும். மாமி செவ்விளநீரோடு வந்து நின்றார். 50 மில்லி அளந்து கொடுத்தேன். மிச்சத்தை அவர் முகத்தைப் பார்க்காமல் மூடி வைத்தேன். "அம்மா, இன்னும் கொஞ்சம்" என்று அவன் கேட்டது இப்பவும் காதில் நிற்கிறது.

நாலு மணித்தியாலத்தில் அவன் போன சலம் 90 மில்லி.

டிசம்பர் 24, இரவு

சேலைன் நொடிக்கு ஒரு துளி. இந்தச் சின்னக் குழாயில் 60 துளி ஒரு மில்லி, ஆகவே மணிக்கு 60. துளி முனையில் திரண்டு, கொஞ்சம் நடுங்கி, அறுந்து விழுகிறது. கண்ணை எடுக்க முடியவில்லை.

எட்டு மணிக்குக் கால் சில்லிட்டது. பிரஷர் 90க்கு 70. இரண்டும் இப்படிக் கிட்ட வரக்கூடாதாம். பி.சி.வி. 46. டெக்ஸ்ட்ரான் 40 என்ற திரவத்தை ஏற்றினார்கள், ஒரு மணித்தியாலத்தில் 300 மில்லி. சேலைன் கசிந்து போய்விடும், இதன் மூலக்கூறு பெரிது, குழாய்க்குள்ளேயே நின்று நீரைப் பிடித்து வைக்கும் என்று டொக்டர் கையை நிறுத்தாமலே சொன்னார். போத்தல் இறங்க இறங்க அவனுடைய பெருவிரல் என் கைக்குள் சூடேறியது.

பத்து மணிக்குப் பி.சி.வி. 41.

டிசம்பர் 25

ஃபோனில் வாசித்தேன். 1832இல் ஸ்கொட்லாந்தில் தோமஸ் லாட்டா என்ற வைத்தியர் வாந்திபேதிக்காரருக்கு நரம்பில் உப்புநீர் ஏற்றியிருக்கிறார். முதல் ஆள் ஒரு கிழவி. நன்றாகத் தேறியிருக்கிறார். வைத்தியர் அங்கிருந்து போன பிறகு திரும்ப வயிற்றால் போய், சில மணித்தியாலத்தில் முடிந்துவிட்டார். வாசித்திருக்கக் கூடாது. கட்டிலை விட்டு நான் எழும்பவேயில்லை.

டிசம்பர் 26

சலம் 140!

கசிந்த நீர் திரும்பி வருகிறதாம். இனிக் கூடினால்தான் ஆபத்து என்று சேலைனைக் குறைத்துவிட்டார்கள். இவர் வளவைத் துப்புரவாக்கினாராம். மூன்று சிரட்டை.

டிசம்பர் 27

விடியற்காலை எங்கிருந்தோ திருவெம்பாவைச் சங்கு. சேலைன் நின்றுவிட்டது. பி.சி.வி. 37. இடியப்பமும் சொதியும் வேண்டுமாம். சரி ராசா.

பிறகு தண்ணீர் கேட்டான். கோப்பையில் அளவுக் கோட்டைத் தேடினேன்.