வயசானா இளைக்கத்தான் செய்யுமுங்களா?

எங்கூர்ப்பக்கம் எந்த சீருக்கு, கல்யாணத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு ஒண்ணு வந்துரும். "அம்மிச்சி ரொம்ப இளைச்சுட்டாங்களே"ன்னு ஒருத்தர் கேப்பாங்க (அம்மிச்சின்னா எங்கூர்ல அம்மாவோட அம்மா), "வயசாச்சில்லீங்க, அப்புடித்தான்"னு இன்னொருத்தர் சொல்லிப்போட்டு பந்திக்கு கெளம்பிருவாங்க. எனக்கு அங்கதான் சுருக்குன்னு கோவம் வரும்.

வயசானா சதை கொஞ்சங்கொஞ்சமா கொறையும், அது நெசம். ஆனா 50 கிலோ இருந்தவங்க மூணு மாசம் ஆறு மாசத்துக்குள்ள, எந்த முயற்சியும் பண்ணாம 2.5 கிலோவுக்கு மேல கொறஞ்சா டாக்டர்கிட்ட காட்டித்தான் ஆகணும். எடை மெஷின் இல்லாட்டி கெண்டைக்கால அளக்கலாம். திருப்பூர் பக்கம் இஞ்ச் டேப் இல்லாத வீடு ஏதுங்க. பாதம் தரையில படியற மாதிரி உக்கார வெச்சு, கெண்டைக்கால் எங்க பருமனா இருக்கோ அங்க சுத்தி, இறுக்காம அளந்து பாருங்க, 31 செ.மீ.க்கு கீழ வந்தா உடம்புல சதை கரைஞ்சுட்டு இருக்குன்னு சந்தேகப்படணும். கால்ல வீக்கம் இருந்தா மட்டும் இந்த அளவ நம்ப முடியாது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது, ரவிக்கை தோள்ல நிக்க மாட்டேங்குது, இதெல்லாமும் கணக்குதான்.

எங்க அம்மிச்சி காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளைல, அதாவது தோட்டத்து வீட்டுல, தனியா இருக்காங்க. வர மாட்டேன்னுட்டாங்க, மாட்ட விட்டுட்டு எங்க வாரதுன்னு. கட்டுத்தறில பால் கறக்கறாங்க, அத்தனையும் சொசைட்டிக்கு போயிருது, இவங்களுக்கு மிச்சம் டீக்கு ஊத்தற ஒரு கரண்டிதான். காலைல ரெண்டு இட்லி, அதுவும் சக்கரையத் தொட்டுட்டு, மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரி அதே சோத்துல தண்ணிய ஊத்தி ஊறுகாய். கேட்டா "எனக்கு இதுவே போதுஞ் சாமி"ம்பாங்க. வயசானவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு தெனம் ஒரு கிராம் புரதமாச்சும் வேணும், நோவுல கெடந்து எந்திரிச்சவங்களுக்கு 1.2ல இருந்து 1.5 வரைக்கும். (கிட்னி பிரச்சனை இருக்கறவங்க மட்டும் டாக்டரக் கேட்டுட்டுதான்.) அப்ப 50 கிலோவுக்கு 50 கிராம், அம்மிச்சி தட்டக் கூட்டிப் பாத்தா 20 வந்தா பெருசு. நாமக்கல்லுல இருந்து லாரி லாரியா முட்டை ஊரூருக்குப் போவுது, இங்க இவங்க கிருத்திகை, அமாவாசை, சனிக்கெழமைன்னு மாசத்துல பல நாள் முட்டையத் தொட மாட்டாங்க.

ஏன் கொறையுதுன்னு பாத்தா, மொதல்ல வாயத் தொறந்து பாக்கணும். பல்லு செட்டு டம்ளர்லயே கெடந்துச்சு. ஈறு சுருங்கிப் போச்சுன்னா செட்டு ஆடும், அடியில புண்ணாயிரும், அப்பறம் கழட்டி வெச்சுட்டு கரையறத மட்டும் முழுங்குவாங்க, கறியும் கடலையும் தானா நின்னுபோயிரும். அடுத்து மாத்திரை. சக்கரை வியாதிக்கு போடற மெட்ஃபார்மின் சிலருக்கு பசியக் கெடுக்கும், வருசக்கணக்கா போட்டா பி12ங்கற வைட்டமின் கொறையலாம். நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க, ரத்தத்துல பாத்துருவாங்க.

அதவிட பெரிய வெனை நம்ம போன்ல சொல்ற பத்தியம். பையன் கோயமுத்தூர்ல இருந்து உப்பு ஆகாதும்பான், பொண்ணு திருப்பூர்ல இருந்து எண்ணெய் ஆகாதும்பா, பேரன் யூடியூப் பாத்துட்டு சோறே ஆகாதும்பான், கடைசில அவங்களுக்கு திங்க என்னதான் இருக்கு சொல்லுங்க? 80 வயசுல எலும்பும் தோலுமா இருக்கறவங்களுக்கு பத்தியத்த எவ்வளவு தளர்த்தலாம்னு டாக்டரையே கேளுங்க, நெறைய பேரு தளர்த்தத்தான் சொல்லுவாங்க.

இப்ப என்ன பண்றோம்னா, கறந்த பால்ல ரெண்டு டம்ளர் எடுத்து வெச்சுட்டுதான் மீதி சொசைட்டிக்கு. ராகிக் கஞ்சி பால்ல காச்சி, வறுத்த நெலக்கடலைப் பொடி ஒரு கை. பச்சப்பயிறு, கொள்ளு நல்லா வேக வெச்சு கடைஞ்சு, நெய் ஊத்தி, சோத்த விட பருப்பு தூக்கலா. ஒரேயடியா தட்டு நெறைய வெச்சா பாத்தவுடனே வேண்டாம்பாங்க, அதனால கொஞ்சங்கொஞ்சமா அஞ்சாறு தடவை. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு சொலவடை சொல்லி பக்கத்துத் தோட்டத்து அக்கா கொள்ளு குடுக்காதன்னாங்க. எள்ளுல கொழுப்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் நெறைய, அது செரிதான், எள்ளுருண்டைய இடிச்சு குடுக்கறோம். ஆனா கொள்ளு 100 கிராம்ல 20 கிராமுக்கு மேல புரதம் இருக்கு, அத எதுக்குங்க விடணும். புரதப் பவுடர் டப்பாவும் வாங்கலாம், ஆனா அது சாப்பாட்டுக்கு நடுவுல, சாப்பாட்டுக்கு பதிலா குடுத்தா காசுக்குக் கேடு. தின்னா மட்டும் சதை வந்துராது, சேர்ல உக்காந்து கைய ஊனாம எந்திரிக்கறத தெனம் பழக்கறோம். சாயந்தரம் அந்த அக்காவும் தட்டத் தூக்கிட்டு இங்கயே வந்துர்றாங்க, ரெண்டு பேரும் ஊர்க்கதை பேசிட்டே ஒரு கரண்டி சேத்தித்தான் திங்கறாங்க.

ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். அஞ்சு நாளுக்கு மேல ஒண்ணுமே திங்காம கெடந்தவங்களுக்கு பாவம்னு ஒரேயடியா ஊட்டிராதீங்க, ரத்தத்துல பாஸ்பேட், பொட்டாசியம் மாதிரி உப்புச்சத்தெல்லாம் மடமடன்னு எறங்கி உசுருக்கே ஆபத்தாயிரும், ஆஸ்பத்திரில வெச்சுதான் மெதுவா ஏத்தணும். முழுங்கறப்ப அடிக்கடி பொறையேறுதா, நல்லா தின்னும் எடை எறங்குதா, வாரக்கணக்கா இருமலா, அப்பவும் கஞ்சியும் கொள்ளும் வெச்சுட்டு வீட்டுல உக்காந்துட்டு இருக்காதீங்க. தைராய்டு, டிபி, கேன்சர், மனசோர்வுன்னு உள்ள எதுனாலும் இருக்கலாம். கூட்டிட்டுப் போறப்ப போடற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில அள்ளிப் போட்டுக்கங்க, பல்லு செட்டையும் சேத்தி.