இறக்கத்துக்கும் அதே கியர்

1986, எட்டாம் வகுப்பு அரையாண்டு. கணக்கில் 31. ஏற்காட்டில் விடுதிக்கு அப்பா மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. காய்ப்பேறிய விரல்களால் மார்க் ஷீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஆம்பளப் பையன், கண்ணக் கசக்கிட்டு நிக்காத" என்றார். நான் அழவில்லை. அன்று ராத்திரி பக்கத்துக் கட்டில்காரனின் புது ஜாமெட்ரி பாக்ஸை மிதித்து நசுக்கினேன். ஏன்டா என்று வார்டன் கேட்டபோது சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

அவனுக்கும் அதே பரீட்சையில் 28. அவன் அப்பா அண்ணா டிரான்ஸ்போர்ட்டில் ஏற்காடு ரூட் டிரைவர். காக்கிச் சட்டையோடு வந்து, ஏரிக்கரையில் எங்கள் இருவருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"பேப்பரப் பாத்ததும் வயிறு கலங்குச்சா கண்ணு?"

தலையாட்டினான்.

"பயமா, இல்ல படிக்கலியா?"

"படிக்கல."

"அப்ப முழுப்பரீட்ச வரைக்கும் சினிமா கிடையாது."

அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். அவர் அதைக் கண்டிக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

லீவுக்கு அவர் பஸ்ஸில்தான் இறங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவு. நான் பானெட்மேல். "ஏத்தத்துல எந்த கியரோ, இறக்கத்துலயும் அதே கியர்தான் கண்ணு. பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா சூடேறி, அடிவாரத்துல புடிக்காது" என்றார். வண்டியைப் பற்றித்தான் சொன்னார்.

இங்கே டொராண்டோவில் பையனுக்குப் பதிமூன்று வயது. கதவை அறைந்து சாத்துகிற பருவம். பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு வகுப்பு எடுத்தார்கள். டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களிலேயே வளர்ப்பை மூன்றாகப் பிரித்தாராம்: அதட்டியே வளர்ப்பது, போனபோக்கில் விடுவது, பாசமும் கண்டிப்புமாக வளர்ப்பது. 1983இல் மக்கோபி, மார்ட்டின் என்ற இருவர் 'கண்டுகொள்ளாமல் விடுவது' என்று நாலாவதைச் சேர்த்தார்கள். கோபத்தையும் பயத்தையும் கட்டுப்படுத்த உதவும் முன்மூளை இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்குமாம். அதுவரை, மனசில் இருப்பதற்கு ஒரு பேர் வைத்துச் சொல்லப் பழகிய பிள்ளை கொஞ்சம் சமாளிக்கும் என்றார்கள்.

எனக்கு டிரைவர் சட்டென்று பிடிபட்டார். அப்பாவைத்தான் எந்தக் கட்டத்திலும் போட முடியவில்லை. அடுத்த ஞாயிறு அவர் இரண்டு ஜாமெட்ரி பாக்ஸோடு வந்திருந்தார், ஒன்று அவனுக்கு. ஒரு வார்த்தை பேசவில்லை.

போன வாரம் பையன் டெஸ்ட் பேப்பரோடு நின்றான். "கண்ணக் கசக்காத" நுனிநாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "வயிறு கலங்குச்சாடா?" என்றேன்.

"அப்படின்னா என்னப்பா?"

விளக்க அரை மணி நேரம் ஆயிற்று.