முசியே முருகேசு

போன வாரம் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது உதவியாளர் பெண் கதவைத் திறந்து, "முசியே முருகேசு!" என்று கூப்பிட்டாள். முசியே என்றால் பிரெஞ்சில் திரு; முருகேசு என் அப்பாவின் பெயர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எவனாவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் அன்றைக்கு அடிதடிதான். பிரான்சின் துலூஸ் நகருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது, குளிரும் பழகிவிட்டது, நாற்றமடிக்கும் பாலாடைக்கட்டியும் பழகிவிட்டது, இதுவும் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இருந்தும் ஒரு கணம், அப்பாவும் கூட வந்திருக்கிறாரோ என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன்.

ஞாயிறன்று மகளோடு ரயிலேறி மொந்தோபான் போனோம். தார்ன் ஆற்றங்கரையில் பழைய பிஷப் மாளிகையில் ஒரு மியூசியம். அங்கே பிரெஞ்சு ஓவியர் ழெரிக்கோ ஒரு பெரிய ஓவியத்துக்காக வரைந்த ஓர் ஒத்திகைப் படம்: ஒரு கறுப்பு மனிதரின் வெற்று முதுகு. 1816இல் மெதூஸா கப்பல் மொரித்தானியக் கரைக்கு அப்பால் தரைதட்டியது. படகுகளில் இடம் கிடைக்காமல் தெப்பத்தில் ஏறியவர்கள் ஏறக்குறைய 147 பேர், பதின்மூன்று நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 15 பேர். அந்தத் தெப்பத்தைத்தான் ழெரிக்கோ ஏழு மீட்டர் அகலத்தில் வரைந்து 1819இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தார், இப்போது அங்கே லூவர் மியூசியத்தில் இருக்கிறது. அதில் எல்லோருக்கும் மேலே ஏறி நின்று துணியை வீசுகிறவருக்கும் நம் பக்கம் முதுகுதான்.

முதுகுக்குச் சொந்தக்காரர் ஜோசஃப். இன்றைய ஹைட்டியில் பிறந்து, மார்செய் வழியாகப் பாரிஸ் வந்து, ஓவியர்களுக்கு முன்னால் நின்று பிழைத்தவர். வெறும் ஜோசஃப். குடும்பப் பெயர் எழுதியிருக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவருக்கு முதல் பெயரோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கோ முதல் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊரைத் தாண்டாத அப்பாவை வங்கிக்கும் வரி ஆபீசுக்கும் அலைய விடுகிறார்கள்! பேசாமல் அவரையே வரி கட்டச் சொல்லலாம்.

மகள் நோட்டில் அந்த முதுகை வரைந்து, கீழே மூலையில் முருகேசு என்று பிரெஞ்சு எழுத்தில் போட்டாள். இவளுக்கும் அதுதான் குடும்பப் பெயர். அவள் தாத்தாவைப் பார்த்ததே இல்லை.

நானுமே அப்பாவை அதிகம் பார்த்தது பின்னாலிருந்துதான். தோட்டத்துக்குப் போகும்போது சைக்கிள் கேரியரில் நான், முன்னால் சட்டையில்லாத முதுகு, வியர்வையில் என் கன்னம் ஒட்டும். தலையைத் திருப்பாமலே சொல்வார்: "காலை அகட்டி வையடா, கம்பிக்குள்ள போயிடும்."