யாரு போல?

காலை நேரத்தில் மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு போகும் டவுன் பஸ். உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம். முன் சீட்டில் பள்ளிக்கூடப் பெண்கள் இருவர். அன்றைக்கு இங்கிலீஷ் பரீட்சை போலிருக்கிறது, ஃபிகர் ஆஃப் ஸ்பீச்சை, அதாவது அணிகளை, ஒருத்தி கேட்க, இன்னொருத்தி ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"பத்தாயிரம் டாஃபடில் பூவை ஒரே பார்வையில பார்த்தேன்னு வேர்ட்ஸ்வொர்த் சொல்றாரே, அது?"

"ஹைப்பர்போல்."

மிகைப்படுத்திச் சொல்வதற்கு அந்தப் பெயர். 1807-ல் அச்சான கவிதை. அவர் பத்தாயிரத்தோடு நிறுத்திக்கொண்டார். எங்கள் கண்டக்டருக்கு அந்த அடக்கமெல்லாம் கிடையாது. படியில் தொங்கியவர்களைப் பார்த்து, "உள்ள ஏறுங்கண்ணே, ஃபுட்பால் மேட்ச்சே நடத்தலாம், அம்புட்டு இடம் கிடக்கு!" என்றார். உள்ளே நின்றவர்களுக்கு இன்னொரு காலை ஊன்ற இடமில்லை.

பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"என்ன பாப்பா, என்னையச் சொல்லியா சிரிக்கிறீக?"

"இல்லண்ணே... ஹைப்பர்போல்..."

"யாரு போல?"

அதற்குள் பூ மார்க்கெட்டிலிருந்து ஒரு பாட்டி மல்லிகைக் கூடையோடு ஏற, கண்டக்டர் அந்தப் பக்கம் திரும்பினார். "ஏத்தா, இது கூடையா? மீனாட்சியம்மன் தேரு!"

"மெட்டஃபர்டி, உருவகம். தேரு மாதிரின்னு சொல்லியிருந்தா சிமிலி."

பாட்டி விடுமா? "தேருன்னு தெரியுதுல்ல? வந்து வடத்தைப் பிடி, ஓரமா இழுத்து வைப்போம்!"

உருவகத்தை இப்படி நீட்டிக்கொண்டு போவதற்குப் பெயர் எக்ஸ்டெண்டட் மெட்டஃபர். பத்தாம் வகுப்புக்கு அது எதற்கு என்று நான் வாயைத் திறக்கவில்லை.

வைகைப் பாலம் வந்தது. கண்ணகிக்கு வரப்போகும் துன்பம் தெரிந்து, வைகை மலராடை போர்த்திக் கண்ணீரை மறைத்துக்கொண்டாள் என்கிறது சிலப்பதிகாரம். ஆற்றை ஆளாக்கிப் பேசும் இந்த பெர்சனிஃபிகேஷனுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த ஊர் கைடிலும் இருக்காது. இப்போதும் ஆகாயத்தாமரையைப் போர்த்திக்கொண்டுதான் கிடக்கிறாள். மறைப்பது மட்டும் சாக்கடையை.

யானைக்கல் பக்கம் ஒரு ஆட்டோ குறுக்கே புகுந்தது. பிரேக் 'கிரீச்'. ஓசையே சொல்லாகிவிட்டதால் "ஆனமட்டோப்பியா" என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஒங்கப்பன் வீட்டு ரோடாய்யா?"

"ரெட்டாரிகல் கொஸ்டின்! இதுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க" என்றாள் ஒருத்தி.

ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கினார். "ஆமாய்யா, எங்கப்பன் வீட்டு ரோடுதேன். இப்ப என்னங்கிற?"

"இது என்னடி?"

"சண்டை. இறங்கு, நடந்தே போயிருவோம்."