குமிழுக்கு ஓய்வு கொடுத்த கதை

எங்கள் காரின் பென் டிரைவில் 1950களின் திரைப்பாடல்களும் சென்ற மாதம் வெளியானவையும் அடுத்தடுத்து ஒலிக்கும். பழைய பாடலுக்காகக் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினால், அடுத்த பாடலின் முதல் அடியிலேயே பின்னிருக்கையில் உறங்கும் பாட்டி திடுக்கிட்டு எழுந்து, "வண்டி எங்கேயாவது இடிச்சிடுச்சாப்பா?" என்று கேட்பார்.

இத்தனைக்கும் இரண்டு பாடல்களின் உச்ச அளவும் ஏறத்தாழ ஒன்றுதான். காது உச்சத்தை வைத்து எடை போடுவதில்லை. தொடர்ந்து வரும் ஓசையின் சராசரியையே பெரிதாக உணர்கிறது. புதிய பாடல்களில் மாஸ்டரிங் எனப்படும் இறுதி ஒலிச் சீரமைப்பின்போது உச்சங்களை அமுக்கிவிட்டு மற்ற அனைத்தையும் மேலே தூக்கிவிடுகிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய 2001இல் டேவிட் ராபின்சன் முன்வைத்த ரீப்ளேகெயின் முறை, எத்தனை டெசிபெல் கூட்ட அல்லது குறைக்க வேண்டும் என்பதைக் கோப்பிலேயே குறிப்பாக எழுதி வைக்கிறது. அக்குறிப்பைப் படிக்கும் வழக்கம் எங்கள் கார் ஸ்டீரியோவுக்கு இல்லை.

ஆகவே எம்பி3கெயின் மென்பொருளை நாடினேன். அது பாடலை மறுபடியும் சுருக்காமல், கோப்புக்குள் இருக்கும் ஒலியளவு எண்ணை மட்டும் 1.5 டெசிபெல் படிகளில் மாற்றுவதால் தரம் கெடுவதில்லை. வழக்கமான 89 டெசிபெல் இலக்கில் புதிய பாடல்கள் நன்றாகவே அடங்கின. பழைய பாடல்கள் உயர்ந்தபோது அவற்றின் இரைச்சலும் உடன் உயர்ந்தது. பாட்டி கண்ணாடியை ஏற்றச் சொன்னார், வெளியே மழையாம்.

சித்தப்பாவின் கச்சேரிப் பதிவுதான் உண்மையான சோதனை. தடம் வாரியாகச் சமப்படுத்திப் பார்த்தால், மெல்லிய ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே உரப்பில் ஒலித்தன. அதைவிடக் கொடுமை, இறுதியில் நன்றியுரை ஆற்றிய சபா செயலாளர் வித்துவானுக்கு நிகராக முழங்கினார். ஆல்பம் முறையோ எல்லாத் தடங்களையும் ஒரே அளவில் நகர்த்துவதால் கச்சேரியின் ஏற்ற இறக்கம் குலையாது என்று விளக்கி, அப்படியே மாற்றியும் கொடுத்தேன். ஆலாபனையைத் தலையசைத்துக் கேட்டு முடித்த சித்தப்பா, செயலாளர் தம்முடன் கல்லூரியில் படித்தவர் என்பதால் அந்தத் தடத்தை மட்டும் பழையபடி உயர்த்தித் தரச் சொன்னார்.