மாலை போட்ட நண்பனும் என் கிண்டலும்

கார்த்திகை முதல் தேதி நண்பன் சபரிமலைக்கு மாலை போட்டான். கறுப்பு வேட்டி, வெறுங்கால், 41 நாள் விரதம். மத்தியானச் சாப்பாட்டில், "சாமி, ஒரு முட்டை எடுத்துக்கோங்க, ஐயப்பன் பார்க்க மாட்டார்" என்றேன். மேசையே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் தயிர் சாதத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பெரியார் பேசிய மண்ணில் வளர்ந்தவன். கேள்வி கேட்பது தப்பு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். சபரிமலைக்குப் பெண்கள் போவது பற்றி 2018 தீர்ப்பு வந்தபோது அவனோடு ராத்திரி முழுக்க வாதாடியிருக்கிறேன். அவனும் சளைக்காமல் பதில் சொன்னான், மறுநாள் சேர்ந்துதான் டீ குடித்தோம். ஆனால் அன்று நான் கேட்டது கேள்வியே இல்லை. பத்துப் பேர் சிரிக்க அவன் விரதத்தை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவன் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்ததற்கு நேர்ந்துகொண்ட மாலை என்று அப்புறம்தான் தெரிந்தது. தெரியாவிட்டாலும் நான் செய்தது தப்புதான்.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவன் குதிகால் இரண்டிலும் வெடிப்பு. "விடுங்க சாமி" என்றான். மாலை போட்டவர்களுக்கு எதிரில் நிற்பவரும் சாமிதானே.

இருமுடி கட்டும் அன்று என்னையும் வரச் சொல்லியிருக்கிறான். போகிறேன்.